தட்டுத்தடுமாறி பாஸான ஆய்வுக்கு நோபல் பரிசு: யார் இந்த அர்ஹீனியஸ்?

வருஷம் முழுக்க உழைத்துவிட்டு, அப்ரைசலில் சுமாரான ரேட்டிங் வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? 1884-ல் ஸ்வீடனில் 25 வயது இளைஞர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. அவர் பெயர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ். பள்ளியில் நீங்கள் படித்த அயனிகள் பாடத்தின் பின்னால் இருப்பவர் அவர்தான்.

என்ன கேள்வி கேட்டார்?

காய்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. சுத்தமான தண்ணீரிலும் பாயாது என்றே சொல்லலாம். ஆனால் இரண்டையும் கலந்தால் பாய்கிறது. ஏன்?

மின்சாரம் செலுத்தும்போதுதான் அயனிகள் உருவாகின்றன என்று அன்றைய விஞ்ஞானிகள் பலர் நினைத்தார்கள். அர்ஹீனியஸ் அப்படி இல்லை என்றார். அவர் தன் கொள்கையை 1887-ல் முழு வடிவில் வெளியிட்டார். அதன்படி, உப்பு தண்ணீரில் கரைந்ததுமே நேர்மின் அயனி, எதிர்மின் அயனி எனப் பிரிந்துவிடுகிறது. மின்சாரம் அவற்றை இழுக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் நம்பவில்லை?

சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் உலோகம். குளோரின் விஷ வாயு. இரண்டும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் சும்மா மிதக்கின்றன என்றால் யார் நம்புவார்கள்? அணுவும் அயனியும் ஒன்றல்ல. மின்சுமை ஏறியதும் குணமே மாறிவிடும். ஆனால் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897-ல்தான். அதனால் அன்று இதைப் புரியவைப்பது லேசான வேலையாக இல்லை.

உப்சாலா பல்கலைக்கழகம் அவரது முனைவர் பட்ட ஆய்வுக்கு மிகக் குறைந்த தரமே கொடுத்தது. அந்தத் தரத்தோடு அங்கே ஆசிரியர் வேலை கிடைப்பது கஷ்டம்.

அடுத்து என்ன செய்தார்?

புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஆய்வின் பிரதிகளை ஐரோப்பாவின் முக்கிய வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். ரீகாவிலிருந்து வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் உப்சாலாவுக்கே நேரில் வந்து வேலை தருவதாகச் சொன்னார். அப்பாவின் உடல்நிலை மோசமாக இருந்ததால் அர்ஹீனியஸ் போகவில்லை. ஆனால் வெளியில் மதிப்பு கூடியதும், உப்சாலாவே விரிவுரையாளர் பதவி கொடுத்தது.

வாண்ட் ஹாஃபின் கணக்குகளும் கைகொடுத்தன. ஒரே எண்ணிக்கையில் மூலக்கூறுகள் கரைந்தாலும், தண்ணீரின் உறைநிலையைச் சர்க்கரை குறைப்பதைவிட உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைக்கும். காரணம், ஒன்று இரண்டாகப் பிரிகிறது!

1903-ல் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நோபல் பெற்ற முதல் ஸ்வீடன்காரர் அவர். அப்போது வேதியியல் நோபல் குழுவின் தலைவராக இருந்தவர் கிளீவ். அர்ஹீனியஸ் மாணவராக இருந்தபோது அதே உப்சாலாவில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர்!

எல்லாமே சரியாகச் சொன்னாரா?

இல்லை. உப்புப் படிகத்துக்குள்ளேயே அயனிகள்தான் இருக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. தண்ணீர் எப்படி அவற்றைப் பிரிக்கிறது? விடை அதன் வடிவத்தில் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறு நேர்கோடு அல்ல, சுமார் 104.5 டிகிரியில் வளைந்தது. அதனால் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்சுமையும் இருக்கும். இந்த இரு முனைகளும் அயனிகளைச் சூழ்ந்து பிரித்தெடுக்கின்றன. மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்திருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-லேயே கணக்குப் போட்டவரும் இவர்தான். இன்று நாம் ஏற்க முடியாத பக்கமும் உண்டு: ஸ்வீடனின் இனச் சுகாதாரச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1927-ல் காலமானார்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் நீங்கள் குடிக்கும் ஓஆர்எஸ் கரைசலிலும், கையிலிருக்கும் போனின் லித்தியம் அயன் பேட்டரியிலும் ஓடுவது அந்த அயனிகள்தான். அடுத்த அப்ரைசலில் ரேட்டிங் குறைந்தால், உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னும் நாலு பேருக்கு அதைக் காட்டிப் பாருங்கள். அர்ஹீனியஸ் செய்தது அதைத்தான்.