நூறு ஆண்டுகள் காத்திருந்த உண்மை: சீனப் பேரரசர் குவாங்ஷுவின் கதை

2008ஆம் ஆண்டு நவம்பரில் சீனாவிலிருந்து வந்த ஒரு செய்தியை வாசித்த நாளிலிருந்து பேரரசர் குவாங்ஷு என் நினைவை விட்டு அகலவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த அவருடைய தலைமுடியையும் எலும்பையும் உடையையும் ஆய்வு செய்தவர்கள், அவர் ஆசனிக் நஞ்சினால் இறந்தார் என்று அறிவித்திருந்தார்கள். அரச ஆவணங்கள் அதுவரை நோயையே காரணமாகச் சொல்லிவந்தன. ஒரு பேரரசரின் மரணத்தையே இப்படி மறைக்க முடிந்ததா என்ற கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1871இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சாய்தியன். 1875 ஜனவரியில் பேரரசர் தொங்ஷி பிள்ளைகள் இன்றி இறந்தார். அடுத்த தலைமுறையிலிருந்தே வாரிசைத் தெரிவு செய்வது சிங் வம்சத்தின் வழக்கம். தொங்ஷியின் தாயார் சீஷீ அந்த வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, தன் தங்கையின் மூன்று வயது மகனை அரியணையில் அமர்த்தினார். குழந்தை அரசனாக இருக்கும்வரை திரைக்குப் பின்னால் இருந்து ஆள்வது அவர்தான்.

அவருக்கு ஈடாக நின்றவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். உடன் ஆட்சி செய்த பேரரசி சியான் 1881இல் இறந்தார். செல்வாக்கு மிக்க இளவரசர் கோங் 1884இல் பதவி நீக்கப்பட்டார். 1889இல் குவாங்ஷுவுக்கு ஆட்சி கையளிக்கப்பட்டது. ஆனால் அவர் மணமுடித்த லொங்யு, சீஷீயின் தம்பி மகள். முக்கியமான விடயங்கள் யாவும் சீஷீயின் பார்வைக்குப் போயே தீர வேண்டியிருந்தன.

1894இல் ஜப்பானுடன் போர் மூண்டது. கடற்படைக்குரிய நிதியில் ஒரு பகுதி சீஷீயின் கோடைகால மாளிகைக்குச் செலவாகியிருந்தது. தோற்ற சீனா 1895இல் தாய்வானை இழந்ததோடு, 20 கோடி தேல் வெள்ளியை இழப்பீடாகக் கொடுக்கவும் இணங்கியது.

அந்த அவமானம் இளம் பேரரசரை உலுக்கியது. காங் யூவெய், லியாங் சிச்சாவ் போன்ற அறிஞர்களின் ஆலோசனையோடு 1898 ஜூன் 11இல் சீர்திருத்தங்களைத் தொடங்கினார். பரீட்சை முறை, பாடசாலைகள், இராணுவம், நிர்வாகம் என்று கட்டளைகள் குவிந்தன. வேலையில்லாத பதவிகள் ஒழிக்கப்பட்டன. பதவி இழந்தவர்கள் சீஷீயிடம் ஓடினார்கள். அவர் அவசரப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கட்டளை எழுதும் தூரிகை அவர் கையில் இருந்தது. படை அவர் கையில் இருக்கவில்லை.

சீர்திருத்தவாதியான தான் சிதொங், படைத்தளபதி யுவான் ஷிகாயிடம் இரகசியமாக உதவி கேட்டார். யுவான் உதவவில்லை. விடயத்தைச் சீஷீயின் நம்பிக்கைக்குரிய ரொங்லுவிடம் தெரிவித்தார். செப்டெம்பர் 21இல் சீஷீ ஆட்சியை மீண்டும் கைப்பற்றினார். 103 நாட்களில் எல்லாம் முடிந்தது. காங்கும் லியாங்கும் தப்பிச் சென்றார்கள். தப்ப வழியிருந்தும் போக மறுத்த தான் சிதொங் உட்பட ஆறு பேர், செப்டெம்பர் 28இல் விசாரணை முடிவின்றியே தலை துண்டிக்கப்பட்டார்கள்.

குவாங்ஷுவை ஏரி நடுவே இருந்த யிங்தாய் என்னும் சிறு தீவில் அடைத்தார்கள். அரசவை கூடும்போது அழைத்துவந்து சீஷீயின் பக்கத்தில் அமர்த்துவார்கள். 1900இல் எட்டு நாடுகளின் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது சீஷீ அவரையும் கூட்டிக்கொண்டு சியானுக்கு இடம்பெயர்ந்தார். புறப்படும் வேளையில், அவர் நேசித்த துணைவி ஷென் அரண்மனைக் கிணற்றில் மாண்டார். சீஷீயின் உத்தரவில் தள்ளப்பட்டார் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது.

1902இல் திரும்பிய பிறகும் காவல் தளரவில்லை. தான் தண்டித்த அதே சீர்திருத்தங்களில் பலவற்றை சீஷீயே பின்னர் நடைமுறைப்படுத்தினார். ஆனால் அவற்றை முதலில் நினைத்தவரை விடுவிக்கவில்லை.

1908 நவம்பர் 14இல், 37 வயதில் குவாங்ஷு இறந்தார். மறுநாள் சீஷீயும் இறந்தார். இரண்டு வயதுக் குழந்தை பூயி அரியணையேறியது. 1912 பெப்ரவரி 12இல் முடிதுறப்பு ஆணையை வெளியிட்டவர் லொங்யு. வம்சம் முடிந்தது.

நஞ்சைக் கொடுத்தது யார் என்பதை 2008ஆம் ஆண்டு ஆய்வு சொல்லவில்லை. குவாங்ஷுவுக்குப் பிள்ளைகள் இல்லை. லொங்யு 1913இலேயே இறந்துவிட்டார். காவலில் இருந்தவருக்கு என்ன நடந்தது என்ற பதில் வந்தபோது, அதைக் கேட்க அவரோடு வாழ்ந்த எவரும் மிஞ்சியிருக்கவில்லை. அவருடைய 103 நாட்களில் தொடங்கிய ஒன்று மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது: பெய்ஜிங் பல்கலைக்கழகம்.