பேராசிரியர் பெப்பரும் கண்ணாடிப் பேயும்

இரவில் ஓடும் புகைவண்டியின் சாளரக் கண்ணாடியில் நம் முகம் வெளியேயுள்ள மரங்களுக்கிடையே மிதந்து வருதலைக் காணாதார் இலர். கண்டு அஞ்சுவாரும் இலர். அந்நிழலைக்கொண்டே லண்டன் மாநகரத்தாரை நடுங்கச் செய்தவர் ஜான் ஹென்றி பெப்பர் என்பார்.

இவர் 1821 இல் வெஸ்ட்மின்ஸ்டரிற் பிறந்தார். 1848 இல் லண்டனிலிருந்த ராயல் பாலிடெக்னிக் என்னுங் கழகத்தில் இரசாயன விரிவுரையாளராக அமர்ந்து, பின்னர் அதன் தலைவருமானார். பொதுமக்கள் கட்டணம் செலுத்தி உட்புகுந்து, விஞ்ஞானத்தைக் கண்ணாற் கண்டு கற்ற இடம் அது. அரிய பொருளையும் வேடிக்கையாகக் காட்டி விளக்குவதில் பெப்பர் வல்லவர். சிறுவர்க்கென 1860 இல் விஞ்ஞான விளையாட்டு நூலொன்றும் இயற்றினார்.

இதற்கிடையில், 1858 இல் ஹென்றி டிர்க்ஸ் என்னும் எஞ்சினியர், கண்ணாடியின் பிரதிபிம்பத்தால் மேடைமீது ஆவியுருவைத் தோற்றுவிக்கும் முறையொன்றை லீட்ஸ் நகரிற் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தார்முன் எடுத்துரைத்திருந்தார். அவர் கூறியபடி செய்யின் நாடகசாலையையே மாற்றிக் கட்டவேண்டும். ஆதலின் நாடகசாலைக்காரர் அதனை ஏற்றிலர். பெப்பரோ, கண்ணாடியை அவையோர்பாற் சற்றே சாய்த்து நிறுத்தின் உள்ள அரங்கே போதுமெனக் கண்டார். செலவு குறைந்தது, பேயும் பிறந்தது.

அதன் சூத்திரம் மிக எளிது. மேடைக்கும் அவைக்குமிடையே தெளிந்த பெருங்கண்ணாடி ஒன்று. அதன் முன்னே, அவையோர் கண்ணிற்படாத பள்ளத்தில், கருந்துணி சூழ நடிகன் ஒருவன் நிற்பான். அவன்மீது பேரொளியைப் பாய்ச்சினால், அவன் கண்ணாடிக்கு எத்துணை முன்னுளனோ அத்துணைத் தொலைவு பின்னே அவன் பிம்பம் மேடைமீது தோன்றும். கண்ணாடி ஒளியிற் சிறு பகுதியையே திருப்புமாதலின், அவ்வுருவினூடே பின்னுள்ள பொருள்களும் புலனாகும். விளக்கை மெல்ல மூடினால் உருவும் கரைந்துபோம். மேடைமேல் நிற்கும் நடிகனுக்கு மட்டும் பேய் தெரியாது! அடையாளமிட்ட இடத்தை நோக்கி அவன் வெறுவெளியில் வாள் வீசவேண்டும். இன்று அமெரிக்கர் அக்டோபர் 31 ஆம் நாளிரவு, ஹாலோவீன் விழாவில், பழைய சாளரக் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ ஒரு கைவிளக்குடன் சேர்த்து வீட்டுவாயிலிற் பேய் காட்டுவதும் இம்முறையாலேயே. விலையுயர்ந்த பொருளன்று, நல்ல இருளே அதற்கு முதல்.

1862 டிசம்பர் 24 ஆம் நாள், சார்லஸ் டிக்கன்ஸின் பேய்க்கதையொன்றைத் தழுவிய காட்சியில் இவ்வுரு பாலிடெக்னிக்கிற் தோன்றிற்று. காட்சி முடிந்ததும் சூத்திரத்தை விளக்கிவிடுதலே பெப்பரின் கருத்தாயிருந்தது. அவையோர் வியப்பைக் கண்டதும் அவ்விளக்கத்தை ஒத்திவைத்துக் காப்புரிமை பெற முயன்றார். ஆசிரியர் காட்சிக்காரராக மாறிய இடம் இதுவென்பது எம் கருத்து.

1863 இல் உரிமை இருவர் பெயராலும் பதிவாயிற்று. டிர்க்ஸ் வருவாயைப் பெப்பருக்கே விட்டுக்கொடுத்தார். தமக்குப் பெயரை மட்டும் வேண்டினார். ஊராரோ அதனைப் பெப்பரின் பேய் என்றே வழங்கினர். விளம்பரங்களில் தம் பெயர் விடுபடுதலைக் கண்டு மனம் புழுங்கிய டிர்க்ஸ், அவ்வாண்டிலேயே தம் பக்கத்தை நூலாக எழுதி வெளியிட்டார். 1873 இல் காலமானார். கருத்து அவருடையது, அதனை அரங்கேற்றிய திறம் பெப்பருடையது. அங்ஙனமிருக்க ஒருவர் பெயரே நிலைத்தது நேர்மையன்று.

1872 இல் பாலிடெக்னிக்கை விட்டகன்ற பெப்பர், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்சிகள் நடத்தினார். 1882 இல் பிரிஸ்பேன் நகரில் வெடியோசையால் மழை வருவிக்கவும் முயன்றார், மழை பெய்திலது. 1889 இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு அப்பேயின் மெய்வரலாற்றை நூலாக வெளியிட்டார். அன்றிரவு ஒத்திவைத்த விளக்கமும், டிர்க்ஸின் பங்கும் அதில் இடம்பெற்றன. 1900 மார்ச்சு மாதம் இவர் உலகவாழ்வை நீத்தார்.