கேப்டனாக வந்தவர், தனியாக நின்றவர்

இங்கே பகேரியாவில் வயதானவர்களிடம் 1982 ஆகஸ்ட் என்றாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பக்கத்து ஊர்களையும் சேர்த்து மாஃபியா அடுத்தடுத்து ஆட்களைக் கொன்ற நேரம் அது. அப்போது பலெர்மோவின் பிரீஃபெக்ட், நம்மூர் கலெக்டர் மாதிரி, ஜெனரல் கார்லோ அல்பெர்த்தோ தல்லா கியேசா.

1949இல் கொர்லியோனேவுக்கு வந்தபோது அவர் கராபினியேரி படையில் வெறும் கேப்டன்; முப்பது வயதுகூட ஆகவில்லை. விவசாயிகளுக்காக நின்ற தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரிட்ஸோத்தோ முந்தைய வருஷம் காணாமல் போயிருந்தார். யாரும் வாய் திறக்காத ஊர். கேப்டன் விடாமல் துருவினார். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், லூச்சானோ லிஜ்ஜோவின் பெயர் வெளியே வந்தது. பிறகு வாக்குமூலத்தை மாற்றிவிட்டார்கள். கோர்ட்டும் விடுதலை செய்தது.

1974இல் துரினில் சிவப்புப் படை தீவிரவாதிகளைப் பிடிக்க அவர் கேட்டது பெரிய பட்டாளம் இல்லை. தானே பொறுக்கி எடுத்த சின்ன டீம். அந்த வருஷமே அவர்களுடைய தலைவர் ரெனாத்தோ குர்ச்சோ பிடிபட்டார். மறு வருஷம் டீமையே கலைச்சுட்டாங்க! ஐடியில் இருக்கிறவர்களுக்கு இது புதுசா என்ன?

1978இல் திரும்பக் கூப்பிட்டார்கள், திரும்பவும் ஜெயித்தார். 1982இல் பலெர்மோவுக்கு அனுப்பும்போது தனி அதிகாரம் தருவதாகச் சொன்ன ரோம், தரவே இல்லை. பொறுப்பு மட்டும் அவர் தலையில். செப்டம்பர் 3 இரவு, மனைவி எமானுவேலா ஓட்டிய சின்ன காரில் போனார். பின்னால் வந்த காவலர் ஒரே ஒருவர். மூவரையும் சுட்டார்கள், காவலர் தொமேனிகோ ருஸ்ஸோ சில நாள் கழித்து இறந்தார்.

பத்தே நாளில் மாஃபியா எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. ரிட்ஸோத்தோவின் எலும்புகள் அவருடையதுதான் என்று உறுதியானது 2012இல்.