ஏழு பாலமும் செல்போனும்

கடலூரில் பஸ் ஏறியவர் சிதம்பரத்தில் இருக்கும் மகளோடு செல்போனில் பேசுகிறார். அலையோடு அலை மோதிப் பேச்சு கெடாமல் இருக்க வழி காட்டியது ஒரு பாலக் கணக்கு!

போட்டவர் ஆய்லர். 1707-ல் சுவிட்சர்லாந்தில் பாதிரியார் மகனாய்ப் பிறந்தார். ருஷியாவில் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் கோனிக்ஸ்பர்க் நகரில் 7 பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே தடவை கடந்து ஊர் சுற்ற முடியுமா? ஆய்லர் ஒவ்வொரு கரைக்கும் ஓர் எழுத்து வைத்தார். எது எதோடு சேர்கிறது என்று மட்டும் பார்த்தார். முடியாது என்று 1735-ல் காட்டிவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் எழுத்தைப் புள்ளியாக்கினார்கள், பாலத்தைக் கோடாக்கினார்கள். இன்று செல்போன் கோபுரம்தான் புள்ளி. ஒன்றின் அலை மற்றதைக் குழப்பினால் நடுவே கோடு. கோடு சேர்த்த இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசை கிடையாது. கடலூருக்குக் கொடுத்ததை, சுமார் 45 கிலோ மீட்டர் தள்ளியுள்ள சிதம்பரத்துக்குத் தாராளமாய்க் கொடுக்கலாம்.

ஆய்லருக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு! சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார்கள் மூலம் கிடைத்த விவரத்தை வைத்து, நம் பஞ்சாங்க வருஷத்தைப் பற்றி 1738-ல் எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் வலது கண் கெட்டது. முதுமையில் மற்றதும் போயிற்று. அவர் சொல்லச் சொல்ல மகனும் மாணவர்களும் எழுதினார்கள். கணக்கு முன்னைவிடப் பெருகியது! 1783 செப்டம்பர் 18-ந் தேதி, யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றே உயிர் பிரிந்தது.