பதில் வராத அஞ்சலட்டை

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது, நரைத்துச் சிலிர்த்த தலைமுடியும் கனிந்த கண்களும் கொண்ட முதியவர் ஒருவரின் உருவந்தான். உலகம் போற்றிய அந்த மேதைக்கும் ஒரு காலத்தில் வேலை தர ஆளில்லை என்றால் நம்புவது கடினம். பட்டம் பெற்ற பின் ஏறத்தாழ இரண்டாண்டுகளை அவர் விண்ணப்பம் எழுதுவதிலும் விடைக்குக் காத்திருப்பதிலுமாகக் கழித்தார். சார்பியல் கொள்கையை விளக்க நம் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவனாகிய நான் சொல்ல விழைவது அந்த இரண்டாண்டுகளின் கதையை மட்டுமே. இன்னும் சில திங்களில் இக்கல்லூரியின் வாயிலைக் கடந்து வெளியே செல்லவிருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு, அவருடைய சமன்பாடுகளைவிட அந்தக் கதையே நெருக்கமானது என்பது என் எண்ணம்.

பட்டம் வந்தது, பணி வரவில்லை

ஐன்ஸ்டைன் 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள உல்ம் நகரில் பிறந்தார். தந்தையார் ஹெர்மன் மின்கருவித் தொழில் நடத்தியவர். அதில் நட்டத்தின்மேல் நட்டம் கண்டவர். 1895இல், பதினாறு வயதில், சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஐன்ஸ்டைன் நுழைவுத்தேர்வு எழுதினார். கணிதத்திலும் அறிவியலிலும் ஒளிர்ந்தார். பிற பாடங்களில் சறுக்கினார். இடம் கிடைக்கவில்லை. ஆராவ் என்னும் ஊரின் பள்ளியில் ஓராண்டு படித்துவிட்டு, 1896இல் அதே கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் நல்ல மாணவர் என்று பெயர் எடுக்கவில்லை. தமக்குப் பிடித்த நூல்களை அறையிலிருந்தே படித்தார். வகுப்புகளுக்கு மட்டம் போட்டார். தேர்வு நெருங்கியபோது, மார்சல் கிராஸ்மன் என்னும் நண்பர் ஒழுங்காக எழுதி வைத்திருந்த பாடக்குறிப்புகளே அவரைக் காப்பாற்றின. 1900ஆம் ஆண்டு இறுதித் தேர்வை அவர் பிரிவில் எழுதியவர்கள் ஐவர். நால்வர் தேறினர். அந்த நால்வரில் ஐன்ஸ்டைனின் மதிப்பெண்தான் கடைசி, ஆறுக்கு 4.91. தேறிய மற்ற மூவரும் அக்கல்லூரியிலேயே உதவியாளர்களாக அமர்ந்துவிட்டனர். ஐன்ஸ்டைனை எந்தப் பேராசிரியரும் அழைக்கவில்லை.

இந்த நிலைக்கு அவர் பங்கே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இயற்பியல் பேராசிரியர் வேபருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. தமக்கு வேலை கிடைக்காமற் போவதற்கு அவரே காரணம் என்றும் ஐன்ஸ்டைன் எண்ணினார். அதில் எவ்வளவு உண்மையோ! ஆனால், ஒருவன் வகுப்பில் காட்டிய அலட்சியத்திற்கு அளக்கப்படும் தண்டனை, அவனுடைய அறிவுக்கு அளக்கப்பட்ட விலையாகிவிடாது. இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்ததே ஐன்ஸ்டைனின் முதல் வலிமை எனலாம்.

தந்தை எழுதிய கடிதம்

1901ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், மிலான் நகரில் பெற்றோர் வீட்டில் இருந்தபடி ஐரோப்பாவின் பேராசிரியர்களுக்கெல்லாம் அவர் விண்ணப்பம் எழுதினார். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அப்போதுதான் புகழ்பெற்ற ஜெர்மானிய இயற்பியல் இதழில் வெளிவந்திருந்தது. அதன் படியொன்றை இணைத்து, லைப்சிக் நகரிலிருந்த வேதியியல் அறிஞர் வில்கெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு அனுப்பினார். விடை இல்லை. கடிதத்தில் முகவரி எழுதினோமா என்பது நினைவில்லை என்று காரணங்காட்டி மறுபடியும் எழுதினார். அப்போதும் விடை இல்லை. ஹாலந்து நாட்டின் லைடன் நகரப் பேராசிரியர் காமர்லிங் ஆன்னசுக்கு, விடை எழுதுவதற்கென்றே அஞ்சல் தலையுடன் கூடிய இணைப்பு அட்டையையும் சேர்த்து அனுப்பினார். அந்த விடையட்டை எழுதப்படாமலேயே தங்கிவிட்டது. இன்று அது லைடன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் காப்புப் பொருளாக இருக்கிறது!

அந்த ஏப்பிரல் திங்களில் நடந்த ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. மகன் வாடுவதைக் கண்ட ஹெர்மன், மகனுக்குத் தெரியாமல், தாமே ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பின் அறியாத பெரியவருக்கு எழுதும் துணிவுக்காக மன்னிப்புக் கேட்டு, மகன் நாளுக்குநாள் நம்பிக்கை இழந்து வருவதைச் சொல்லி, வேலை தர இயலாவிட்டாலும் ஊக்கமூட்டும் சில சொற்களையாவது எழுதுமாறு வேண்டினார். தொழிலில் நொடித்துப்போன தந்தை ஒருவர், பிள்ளைக்காகத் தம் மானத்தையும் சற்று இறக்கி வைத்து எழுதிய மடல் அது. அதற்கும் விடை வந்ததாகத் தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் தந்தையார் நினைவுக்கு வந்தார். தறி நெய்து எங்களைப் படிக்கவைத்தவர் அவர். முதுகலைப் பட்டம் பெற்று, மூன்றாண்டுகளாக விண்ணப்பித்து வரும் என் அக்காளின் சான்றிதழ் நகல்களை, அக்காள் அறியாமல் ஒரு மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அரை நாள் காத்திருந்துவிட்டு வந்தார். அக்காளுக்குப் பின்னர் அது தெரிந்தபோது அவள் கோபப்படவில்லை. மறுநாளே அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினாள். வேலையில்லாமை ஒருவரை மட்டும் தாக்குவதில்லை. வீடு முழுவதும் அந்த அஞ்சற்காரரை எதிர்பார்த்திருக்கிறது. ஆகையால், நம் உறுதியும் நமக்காக மட்டும் வேண்டியதன்று.

கிடைத்ததைச் செய்தார், உள்ளத்தை விடவில்லை

பெரிய கதவுகள் திறக்கவில்லை என்பதற்காக ஐன்ஸ்டைன் சிறிய கதவுகளை வெறுக்கவில்லை. 1901இல் வின்டர்தூர் ஊரின் தொழிற்பள்ளியில், விடுப்பில் சென்ற ஆசிரியருக்கு மாற்றாக இரண்டு திங்கள் கணிதம் கற்பித்தார். காலையில் பல மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, பிற்பகலில் தம் ஆராய்ச்சிக்கு உட்கார்ந்தார். கற்பிக்கும் தொழில் தமக்கு இத்துணை பிடிக்கும் என்பதே அங்குதான் அவருக்குத் தெரிந்தது. அதன்பின் ஷாஃப்ஹவுசன் ஊரில், தேர்வுக்குத் தயாராகும் மாணவர் ஒருவருக்குத் தனியாசிரியரானார். அதுவும் நிலைக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் சூரிச் பல்கலைக்கழகத்திற்குத் தந்த முனைவர் பட்ட ஆய்வேட்டையும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது.

1902 பிப்ரவரியில் பெர்ன் நகருக்கு வந்து சேர்ந்தார். மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கப்படும், முதல் பாடம் இலவசம் என்று உள்ளூர் நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்தவர்களுள் ஒருவர் மாரிஸ் சோலோவின் என்னும் ருமேனிய மாணவர். பாடம் கற்க வந்தவர் நண்பரானார். கான்ராட் ஹாபிக்ட் என்பவரும் சேர்ந்துகொள்ள, மூவரும் மாலைதோறும் கூடித் தத்துவ நூல்களைப் படித்து வாதிட்டனர். தங்கள் கூட்டத்திற்கு ஒலிம்பியாக் கழகம் என்று விளையாட்டாகப் பெயரும் சூட்டிக்கொண்டனர். கையில் காசு இல்லை. தட்டில் பெரிய விருந்தும் இல்லை. ஆயினும் அந்த மாலைப் பொழுதுகளில் படித்த நூல்களே பின்னாளில் காலத்தையும் வெளியையும் பற்றிய அவர் சிந்தனைக்கு உரமாயின.

பணி இல்லாதபோது படிப்பையும் நிறுத்திவிடுபவன் இருமடங்கு இழக்கிறான். ஐன்ஸ்டைன் ஒன்றை மட்டுமே இழந்தார். மற்றொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நண்பரின் கை

இறுதியில் கதவைத் திறந்தது யார்? பாடக்குறிப்பு தந்த அதே கிராஸ்மன்தான். அவர் தம் தந்தையாரிடம் சொல்ல, அவர் பெர்ன் நகரிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநர் பிரீட்ரிக் ஹாலரிடம் எடுத்துரைத்தார். 1901 ஏப்பிரலில் இந்தச் செய்தி ஐன்ஸ்டைனை எட்டியது. பணி ஆணை வந்தது 1902 ஜூன் 16இல்! இடையே பதினான்கு திங்கள். மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநர் பதவி; அதுவும் தற்காலிகம்; ஆண்டுக்கு 3,500 பிராங்க் ஊதியம். புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரிமை கோரி வரும் மனுக்களைச் சோதிக்கும் எழுத்தர் வேலை போன்ற வேலை. அவர் அதை மகிழ்வோடு ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் தந்தையார் மறைந்தார். மகன் ஒரு நாற்காலியில் அமர்ந்துவிட்டான் என்னும் அளவுக்காவது அவர் கண்டார். உலகப் புகழைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த மேசையில் அமர்ந்திருந்தபோதுதான், 1905ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதில், ஒளியின் இயல்பு, நீர்மத்தில் துகள்களின் அசைவு, சார்பியல், பொருண்மைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு ஆகியவை பற்றிய கட்டுரைகளை எழுதி இயற்பியலின் திசையையே திருப்பினார்.

அதோடு மறுப்புகள் முடிந்துவிட்டன என்று நினைக்க வேண்டா. 1907இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்ற அனுமதி கேட்டபோது, உரிய ஆய்வேடு இணைக்கப்படவில்லை என்று விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1908 தொடக்கத்தில் சூரிச் நகர உயர்நிலைப் பள்ளியொன்றில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார்; இருபத்தொருவர் போட்டியிட்ட அந்தப் பணிக்கு இறுதிப் பட்டியலில் கூட அவர் பெயர் இல்லை. சார்பியல் கொள்கையைத் தந்து மூன்றாண்டுகள் ஆகாத நிலையில் இது நடந்தது! அதே ஆண்டில் பெர்ன் பல்கலைக்கழகம் கேட்ட ஆய்வேட்டை எழுதிக் கொடுத்து, விரிவுரையாளரானார். முதற்பருவத்தில் அவர் வகுப்பில் இருந்தவர்கள் மூவர், மூவரும் நண்பர்கள். 1909இல்தான் சூரிச் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தது. காப்புரிமை அலுவலகத்திலிருந்து அப்போதே விலகினார்.

காலம் செய்த வேடிக்கையையும் பாருங்கள். ஐன்ஸ்டைனின் பெயரை நோபல் பரிசுக்கு முதன்முதலில், 1910ஆம் ஆண்டுப் பரிசுக்காகப் பரிந்துரைத்தவர், கடிதங்களுக்கு விடை எழுதாத அதே ஆஸ்ட்வால்ட்தான். விடையட்டையை அனுப்பாத காமர்லிங் ஆன்னஸ் இருந்த லைடன் பல்கலைக்கழகம், 1920இல் அவரைச் சிறப்புப் பேராசிரியராக வரவேற்றது. 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் பின்னர் அவரை வந்தடைந்தது.

சொல்ல வேண்டிய மற்றொரு பெயர்

இந்தக் கதையை இத்துடன் முடித்தால் அது பாதிக் கதையே. இறுதித் தேர்வு எழுதிய ஐவரில் தேறாத ஒருவர் மிலேவா மாரிச். ஐன்ஸ்டைன் பின்னாளில் மணந்த பெண். பெண்கள் இயற்பியல் கற்பதே அரிதாயிருந்த காலத்தில் செர்பிய மண்ணிலிருந்து சூரிச் வந்து படித்தவர். 1901இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. அவருக்காகப் பரிந்து பேச எந்த நண்பரின் தந்தையும் வரவில்லை. அவருக்கு அறிவியலில் ஒரு நாற்காலி கிடைக்கவேயில்லை. முயன்றவர் எல்லாரும் வென்றே தீர்வர் என்று எழுதினால் நான் மிலேவாவுக்கும் என் அக்காளுக்கும் பொய் சொன்னவனாவேன்.

பிறகு இந்த வாழ்க்கை நமக்குத் தருவது என்ன? மறுப்புக் கடிதம் என்பது ஓர் அலுவலகத்தின் முடிவே அன்றி, நம் தகுதியின் மீது எழுதப்பட்ட தீர்ப்பன்று. ஆஸ்ட்வால்டே பின்னர் தம் மௌனத்தைத் தம் கையாலேயே மாற்றி எழுதவில்லையா? காத்திருக்கும் நாளிலும் கற்பதை விடாதிருத்தல், சிறு பணியை இழிவாக எண்ணாதிருத்தல், நீளும் நண்பனின் கையைக் கூச்சமின்றிப் பற்றுதல் ஆகியவை நம் கைவசம் உள்ளவை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் கிராஸ்மனாக இருக்கவும் முடியும். நம்முள் முதலில் வேலையில் அமர்பவர், பின்னால் நிற்பவருக்காக ஒரு சொல் சொல்லட்டும். காலியிடம் ஒன்று தெரிந்தால் ஓர் அஞ்சலட்டை எழுதட்டும். எழுதி வந்த அட்டைக்கு விடையாவது போடட்டும்.

1955 ஏப்பிரல் 18இல் ஐன்ஸ்டைன் மறைந்தார். அவர் அனுப்பிய விடையட்டை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நம் நண்பர்கள் அனுப்பும் அட்டைகள் அப்படி வெறுமையாகக் கிடக்க நாம் விடவேண்டா.