சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

ஒருவர் புளி உலுக்க மரம் ஏறுகிறார். கிளை முறிகிறது. கீழே விழுகிறார். உயிர் தப்புகிறது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஜவ்வாது மலையில் மட்டும் அல்ல. மரம் ஏறிப் பிழைக்கும் ஊர்களில் எல்லாம் நேரக்கூடிய விபத்து இது. ஆஸ்பத்திரியில் காயம் ஆறிவிடும். அதன் பிறகு அவர் எப்படி வாழ்வது?

மலைக்கு வடக்கே, வேலூரில் இந்தக் கேள்விக்கு வழி கண்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரும் அதே துன்பத்தை அனுபவித்தவர்.

விபத்து

மேரி 1925-ல் கொச்சிப் பகுதியில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார்.

1954 ஜனவரியில் சக டாக்டர்களுடன் உல்லாசப் பயணம் போனார். வழியில் வண்டி விபத்துக்கு உள்ளாயிற்று. மேரியின் முதுகுத்தண்டில் பலத்த அடி. கால்கள் செயல் இழந்தன. அப்போது வயது 28.

டாக்டர் பால் பிராண்ட் அவருக்குத் தைரியம் ஊட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு வைத்தியம் கற்றார். 1963-ல் வேலூரில் அந்தப் பிரிவுக்குத் தலைவர் ஆனார்.

பாகாயம் நிலையம்

1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் அங்கேயே தங்கிப் பயிற்சி பெற்றார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தாமே குளித்து உடுத்தவும், படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்ளவும் பழகினார்கள். நிலையத்திலேயே காலம் கழிப்பதற்காக அல்ல. சொந்த வீட்டுக்குத் திரும்புவதற்காக!

ஆனால் வீடும் மாற வேண்டுமே! நாற்காலி நுழையாத வீடு, நடக்க முடியாதவருக்குச் சிறைதான்.

வாசல் மூன்று அடி அகலம் இருந்தால் நாற்காலி நுழையும். படிக்குப் பதில் சரிவு வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால், கை வலுவுள்ளவர் தாமே உருட்டி ஏறலாம். கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும்.

மேரிக்கு 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1986-ல் காலமானார். அவர் உருவாக்கிய நிலையம் இன்றும் நடக்கிறது.

ஊனமுற்றோர் மற்றவர்களைப் போல ஊருக்குள் வாழலாம், இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

சட்டம் வந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி இருக்கிறது? இன்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.