கியோர்கி பபாகின்

கியோர்கி நிக்கொலாயெவிச் பபாகின் (நவம்பர் 13, 1914 – ஆகஸ்ட் 3, 1971) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த விண்வெளிப் பொறியியலாளர் ஆவார். 1965 முதல் தாம் இறக்கும் வரை மாஸ்கோ அருகே அமைந்த லாவச்கின் வடிவமைப்பகத்தின் தலைமை வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். பூமிக்கு வெளியே வேறொரு விண்பொருளின் தரையில் ஓடிய முதல் தானியங்கி ஊர்தியான லூனாகோட் 1 இவரது தலைமையில் உருவாக்கப்பட்டது. விண்ணில் பழுது பார்க்க இயலாத கருவியின் குறைகளை ஏவுவதற்கு முன்பே தரையில் கண்டறிய வேண்டும் என்ற நடைமுறையைத் தமது நிறுவனத்தில் வலுவாக நிலைநிறுத்தியவர் என்ற வகையிலும் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இளமையும் கல்வியும்

பபாகின் மாஸ்கோவில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முறையாக முடிக்கும் முன்பே வானொலித் தொழில்நுட்பப் பயிற்சி பெற்று, 1930களில் மாஸ்கோ நகரின் வானொலி வலையமைப்பில் தொழில்நுட்பராகச் சேர்ந்தார். பின்னர் பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். 1940களில் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் தொடர்பான ஆய்வுப் பணிகளில் ஈடுபட்டார். 1950களின் தொடக்கத்தில் விமான வடிவமைப்பாளர் செமியோன் லாவச்கினின் வடிவமைப்பகத்துக்கு மாறி, ஏவுகணைகளின் வழிநடத்து கருவிகளை உருவாக்கும் பணியில் அமர்ந்தார்.

பொறியியல் பட்டம் அவருக்கு மிகவும் காலந்தாழ்த்தியே கிடைத்தது. அஞ்சல்வழிக் கல்வி மூலம் 1957இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அதற்கு முன்பே அவர் அனுபவமிக்க வடிவமைப்பாளராக அறியப்பட்டிருந்தார்.

தலைமை வடிவமைப்பாளர்

1960களின் முற்பகுதியில் சோவியத்தின் நிலவு, வெள்ளி, செவ்வாய் ஆகியவற்றுக்கான தானியங்கிக் கலங்களைச் செர்கே கொரோலியொவின் நிறுவனமே உருவாக்கி வந்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் பணிகளும் அதே நிறுவனத்தின் மீது குவிந்திருந்தன. நிலவில் மெதுவாகத் தரையிறங்கும் முயற்சிகள் தொடர்ந்து தோல்வியடைந்தன. 1965ஆம் ஆண்டில் மட்டும் லூனா 5, லூனா 7, லூனா 8 ஆகியவை நிலவில் மோதிச் சிதறின. லூனா 6 நிலவைத் தவறவிட்டுச் சென்றது. இந்நிலையில் 1965இல் தானியங்கிக் கலங்களின் பொறுப்பு லாவச்கின் வடிவமைப்பகத்திற்கு மாற்றப்பட்டு, பபாகின் அதன் தலைமை வடிவமைப்பாளராக நியமிக்கப்பட்டார்.

கொரோலியொவ் 1966 சனவரியில் காலமானார். அடுத்த மாதம் 3ஆம் நாள், அவரது வடிவமைப்பைப் பின்பற்றிப் பபாகினின் குழு நிறைவு செய்த லூனா 9, நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய முதல் விண்கலம் என்ற சிறப்பைப் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் லூனா 10 நிலவின் முதல் செயற்கைத் துணைக்கோளாயிற்று.

வெள்ளிக் கோளுக்கான கலங்களிலும் தரைச் சோதனைக்கு முதலிடம் தரப்பட்டது. வளிமண்டலத்துள் நுழையும்போது கலம் தாங்க வேண்டிய விசையைப் போலியாக உருவாக்க மையவிலக்குப் பொறியும், கடும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உருவாக்கும் அறைகளும் பயன்படுத்தப்பட்டன. 1967 அக்டோபர் 18இல் வெனேரா 4 வெள்ளியின் வளிமண்டலத்தை நேரடியாக அளந்து செய்தி அனுப்பியது. ஆனால் தரையை அடையும் முன்பே அதன் செய்தி நின்றது. வெள்ளியின் அழுத்தம் எதிர்பார்த்ததை விட மிகவும் அதிகம் என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் 180 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்குமாறு கட்டப்பட்ட வெனேரா 7, 1970 திசம்பர் 15இல் வெள்ளியின் தரையிலிருந்து செய்தி அனுப்பிய முதல் கலமாயிற்று.

லூனாகோட் உருவாக்கம்

லூனாகோட் என்னும் ரஷ்யச் சொல்லுக்கு நிலவில் நடப்பது என்பது பொருள். மனிதர் இறங்கவுள்ள இடத்தை முன்கூட்டியே ஆராய்வது இவ்வூர்தியின் முதல் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஊர்தியின் அடிச்சட்டத்தை வடிவமைக்கும் பணி லெனின்கிராடில் இருந்த, பீரங்கி வண்டிகளுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் 1963 முதல் இருந்தது. அப்பணிக்கு அலெக்சாந்தர் கெமுர்ச்சியான் தலைமை வகித்தார். ஊர்தியின் உடல், வெப்பக் கட்டுப்பாடு, தரையிறங்கு கலம் ஆகியவையும் முழு அமைப்பின் ஒருங்கிணைப்பும் பபாகினின் பொறுப்பாயின.

நிலவின் தரை எத்தகையது என்பதே முதற் சிக்கலாக இருந்தது. ஆழமான தூசியில் ஊர்தி புதைந்துவிடும் என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. லூனா 9 புதையாமல் நின்றதாலும், 1966 திசம்பரில் லூனா 13 மண்ணின் உறுதியை அளந்ததாலும் அந்த அச்சம் நீங்கியது.

ஊர்திக்கு எட்டுச் சக்கரங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனி மின்னோடி இருந்தது. சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்புவதில்லை. பீரங்கி வண்டியைப் போல இடப்புற, வலப்புறச் சக்கரங்களின் வேகத்தை வேறுபடுத்தியே ஊர்தி திரும்பியது. ஏதேனும் ஒரு சக்கரம் இறுகி நின்றுவிட்டால், சிறு வெடிமருந்தின் உதவியால் அதன் இயக்கத் தண்டைத் துண்டித்துவிட்டு மற்ற சக்கரங்களைக் கொண்டு ஓட்ட இயலும். ஊர்தி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் உணரிகள் அதைத் தாமாகவே நிறுத்தும்.

நிலவின் ஓர் இரவு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நீடிக்கும். அப்போது வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 150 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும். எனவே கருவிகள் காற்றடைக்கப்பட்ட மூடிய உடலுக்குள் வைக்கப்பட்டன. அதன் மேல்மூடியின் உட்புறத்தில் சூரிய மின்கலங்கள் பொருத்தப்பட்டன. பகலில் மூடி திறந்து மின்னாற்றல் பெறப்பட்டது; இரவில் மூடி உடலைப் போர்த்தியது. பொலோனியம் 210 என்னும் கதிரியக்கப் பொருள் இரவில் வெப்பம் அளித்தது.

ஏவுவதற்கு முந்தைய சோதனைகள்

நிலவில் ஈர்ப்பு விசை புவியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கே ஆகும். எனவே எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக் கொள்ளும் அமைப்புகளில் பொருத்தி அடிச்சட்டம் சோதிக்கப்பட்டது. வெற்றிடத்தில் சாதாரண மசகுப் பொருட்கள் ஆவியாகிவிடும். உராயும் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். இதற்கெனச் சிறப்பு மசகுப் பொருள் உருவாக்கப்பட்டது. ஆய்வக வெற்றிட அறைகளுடன் நின்றுவிடாமல், சக்கர மின்னோடியின் மாதிரிகள் லூனா 12 (1966), லூனா 14 (1968) ஆகிய கலங்களில் நிலவின் சுற்றுப்பாதைக்கே அனுப்பி இயக்கிப் பார்க்கப்பட்டன.

ஊர்தியைப் போலவே அதை ஓட்டுபவர்களும் சோதிக்கப்பட்டனர். கிரிமியாவில் சிம்ஃபெரொப்போல் அருகே இருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில், ஏறத்தாழ 120 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட செயற்கை நிலவுத்தரை அமைக்கப்பட்டது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழிகள் தோண்டப்பட்டுப் பாறைகளும் இடப்பட்டன. தளபதி, ஓட்டுநர், வழிகாட்டி, பொறியாளர், அலைக்கம்பத்தை இயக்குபவர் என ஐவர் கொண்ட இரு குழுக்கள் அங்கே பயிற்சி பெற்றன.

ஓட்டுநருக்கு ஓடும் படம் கிடைப்பதில்லை. பல வினாடிகளுக்கு ஒரு முறை வரும் நிலைப்படங்களைக் கண்டே அவர் கட்டளையிட வேண்டும். வானொலி அலை நிலவுக்குச் சென்று திரும்ப மேலும் இரண்டரை வினாடிகள் ஆகும். குழியைக் கண்டு நிறுத்தக் கட்டளை அனுப்புவதற்குள் ஊர்தி அதனுள் இறங்கிவிடக்கூடும். இந்தத் தாமதத்துக்குப் பழகுவதே பயிற்சியின் முதன்மை நோக்கமாகும்.

முதல் இழப்பும் வெற்றியும்

முதலாவது லூனாகோட் 1969 பிப்ரவரி 19இல் ஏவப்பட்டது. ஏறத்தாழ 50 வினாடிகளில் புரோட்டான் ஏவூர்தியின் முனைக் கூடு உடைந்து, ஏவூர்தியும் ஊர்தியும் அழிந்தன. பல ஆண்டுகள் சோதிக்கப்பட்ட ஊர்தி, தனது குறை எதுவுமின்றியே இழக்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் அமெரிக்கர் நிலவில் இறங்கினர். மனிதர் இறங்கும் போட்டியில் பின்தங்கிய சோவியத்துக்குத் தானியங்கிக் கலங்களின் வெற்றி முன்னிலும் முக்கியமாயிற்று.

1970 செப்டம்பரில் பபாகினின் லூனா 16, மனிதரின்றி 101 கிராம் நிலவு மண்ணைப் புவிக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 10இல் ஏவப்பட்ட லூனா 17, நவம்பர் 17இல் மழைக்கடல் எனப்படும் சமவெளியில் இறங்கியது. இறங்குகலத்தின் முன்னும் பின்னும் சாய்தளங்கள் இருந்தன. ஒரு பக்கம் தடைப்பட்டால் மறுபக்கமாக இறங்குவதற்கென இவ்வாறு அமைக்கப்பட்டது. மூன்று மணி நேரத்திற்குள் 756 கிலோகிராம் நிறையுள்ள லூனாகோட் 1 தரையில் இறங்கி ஓடத் தொடங்கியது.

மூன்று மாதங்கள் இயங்கும் எனத் திட்டமிடப்பட்ட ஊர்தி, ஏறத்தாழ பத்து மாதங்கள் இயங்கியது. 10.5 கிலோமீட்டர் தொலைவு ஓடி, 20,000க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. ஏறத்தாழ 500 இடங்களில் மண்ணின் உறுதியைச் சோதித்தது. செயற்கைத் தரையில் முழுமையாக வெளிப்படாத குறை ஒன்றும் நிலவில் தெரிய வந்தது. ஓட்டுநருக்கான படக்கருவிகள் தாழ்வாக அமைந்திருந்ததால் குழிகளை முன்கூட்டியே காண்பது கடினமாக இருந்தது. எனவே அடுத்த ஊர்தியில் உயரமான இடத்தில் மற்றொரு படக்கருவி சேர்க்கப்பட்டது.

மறைவு

பபாகின் 1971 ஆகஸ்ட் 3இல் தமது 56ஆம் வயதில் திடீரெனக் காலமானார். அப்போது லூனாகோட் 1 நிலவில் இயங்கிக் கொண்டிருந்தது. அதன் கடைசிச் செய்தி செப்டம்பர் 14இல் பெறப்பட்டது. அவர் உருவாக்கிய மார்ஸ் 2, மார்ஸ் 3 கலங்களும் செவ்வாயை நோக்கிச் சென்று கொண்டிருந்தன. மார்ஸ் 3 அவ்வாண்டு திசம்பர் 2இல் செவ்வாயில் மெதுவாக இறங்கியது. ஆயினும் சிறிது நேரத்திலேயே அதன் செய்தி நின்றது. அதிலிருந்த, 4.5 கிலோகிராம் நிறையுள்ள சிறு ஊர்தி பயன்படவில்லை.

மரபும் நினைவும்

பபாகினுக்கு 1966இல் லெனின் பரிசும், 1970இல் சோசலிச உழைப்பு வீரர் பட்டமும் வழங்கப்பட்டன. எனினும் சோவியத் வழக்கப்படி, தலைமை வடிவமைப்பாளரான அவரது பணி அவர் வாழ்நாளில் பொதுமக்களிடமிருந்து மறைக்கப்பட்டே இருந்தது. நிலவிலும் செவ்வாயிலும் உள்ள குழிகளுக்குப் பின்னர் அவரது பெயர் சூட்டப்பட்டது.

1973 சனவரியில் இறங்கிய லூனாகோட் 2 ஏறத்தாழ 39 கிலோமீட்டர் ஓடியது. கட்டி முடிக்கப்பட்டும் ஏவப்படாத லூனாகோட் 3 லாவச்கின் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 2010 மார்ச்சில் அமெரிக்க நிலவுச் சுற்றுக்கலத்தின் படங்களில் லூனாகோட் 1 நிற்கும் இடம் அடையாளம் காணப்பட்டது. அடுத்த மாதம் புவியிலிருந்து அனுப்பப்பட்ட லேசர் ஒளியை அதன் எதிரொளிப்பான் திருப்பி அனுப்பியது.